கோப்போடு வருபவர்

எங்கள் வீட்டில் அம்மா வளர்க்கும் பாப்பாவுக்கு அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் ஃப்ளாட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஒரு சமூக நல அதிகாரி. போன வாரம் வந்தவர் தேத்தண்ணி ஆறும்வரை கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு இன்னும் மூணு வீடு பாக்கி இருக்கு ஆண்டி" என்றார்.

அவர் போனதும் அம்மா சொன்னார்: "பிள்ளைய எடுத்தா குடும்பத்தப் பிரிச்சிட்டன்னு திட்டு. விட்டுட்டு வந்தா ஏன் விட்டன்னு திட்டு. பாவம் அந்தப் பொண்ணு."

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளன். ஒரு இயந்திரம் அடிக்கடி நின்றால் அதன் பழைய பதிவேட்டைத்தான் முதலில் புரட்டுவோம். இந்த வேலையின் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தேன்.

மலாயாவில் சமூக நல இலாகா 1946இல் உருவானது. போர் முடிந்திருந்த நேரம். சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தோட்டத் தமிழர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் ஏராளம். பசியைத் தீர்ப்பதே அன்றைய அவசரம். 1947இல் சிறார் நீதிமன்றச் சட்டம் வந்தது. ஆனால் இந்த வேலைக்கென உள்நாட்டில் பல்கலைக்கழகப் படிப்பு தொடங்க 1975 ஆகிவிட்டது. தொடங்கியது நம் பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம். நான் படித்ததும் அங்கேதான். நிபோங் திபாலின் பொறியியல் வளாகத்தில் இருந்த நான்கு வருடமும் அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

1990இல் இரண்டு வயதைத் தாண்டிய ஒரு குழந்தை கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தது நாட்டை உலுக்கியது. 1991இல் சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு மூன்று பழைய சட்டங்களுக்குப் பதிலாகச் சிறார் சட்டம் 2001 வந்தது. அதன்படி, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். கைவிடப்பட்ட குழந்தையை வளர்ப்புப் பெற்றோரிடம் இரண்டு வருடம் ஒப்படைக்கலாம். அதற்குள் பெற்றோர் உரிமை கோராவிட்டால் தத்துக்குக் கொடுக்கலாம்.

சட்டம் சேரச் சேர அதிகாரியின் மேசையில் கடமையும் சேர்ந்தது. சமூகப் பணியை ஒரு தொழிலாக அங்கீகரிக்கும் சட்டத்துக்கு அமைச்சரவை 2010இல் ஒப்புதல் தந்தது. பத்து வருடம் கழிந்தும் அது சட்டமாகவில்லை. படித்தவரும் படிக்காதவரும் ஒரே பாரத்தைத் தூக்கினார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு சங்கிலிக்குக்கூட இத்தனை கிலோதான் என்று எழுதி ஒட்டியிருப்போம்.

பாப்பாவின் பெற்றோரைத் தேடுவதும் அந்த அதிகாரியின் வேலைதான். அவள் என் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்பவரும் அவரேதான். தேடிக் கண்டுபிடித்தால் எங்கள் வீடு உடையும். சரியாகத் தேடாவிட்டால் யாரோ ஒரு தாய்க்கு அநியாயம். இரண்டையும் ஒரே கோப்பில் எழுத வேண்டும்.

அடுத்த மாதம் அவர் வருவார். என்ன சொன்னாலும் அவரிடம் கத்தக்கூடாது என்று அம்மா என்னிடம் இப்போதே சொல்லிவிட்டார்.