கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் (குயீன், 1981)

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் லண்டன் ராக் இசைக்குழுவான குயீன் 1981ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட தொகுப்பு ஆல்பம். 1974 முதல் 1980 வரை வெளிவந்த 17 பாடல்கள் இதில் உள்ளன. பிரிட்டனில் இதுவரை மிக அதிகமாக விற்றுள்ள ஆல்பம் இதுவே. 2014இல் 60 லட்சம் பிரதிகளையும் 2022இல் 70 லட்சத்தையும் தாண்டியது. அந்நாட்டில் இந்த இரண்டு எல்லைகளையும் முதலில் தொட்ட ஆல்பமும் இதுதான்.

ஏற்கெனவே விற்ற பாடல்களைத் திரட்டி மறுபடியும் விற்கும் வழக்கம் 1958இல் வெளியான ஜானி மாத்திஸின் தொகுப்பிலிருந்து அமெரிக்காவில் வேரூன்றியது. இசை விமர்சகர்கள் இத்தகைய தொகுப்புகளை வெறும் வணிகச் சரக்காகவே பார்த்துவந்தார்கள். பல குழுக்களைப் பொறுத்தவரை அந்தக் கணிப்பு சரிதான். குயீனுக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதற்கான விடை குழுவின் அமைப்பிலேயே இருக்கிறது.

1970இல் தொடங்கிய இக்குழுவின் நால்வரும் வெவ்வேறு துறைகளில் படித்தவர்கள். கிதார் கலைஞர் பிரையன் மே இம்பீரியல் கல்லூரி இயற்பியல் மாணவர். டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்க லண்டனுக்கு வந்தவர். 1971இல் பேஸ் கிதாருடன் சேர்ந்த ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. குஜராத்திலிருந்து சான்சிபாருக்குக் குடிபெயர்ந்த பார்சிக் குடும்பத்தில் 1946இல் பிறந்தவர். மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்து, அங்கேயே பள்ளித் தோழர்களோடு முதல் இசைக்குழுவையும் நடத்தியவர். பின்னர் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை கற்றார். குழுவின் இலச்சினையை வரைந்தவரும் அவரே.

நால்வரும் பாட்டு எழுதுவார்கள். நால்வரின் ரசனையும் வேறு வேறு. அதனால் குயீனின் ஆல்பங்களில் கன ராக்கும், பழைய மேடை நாடகப் பாட்டும், ஆப்பராவும், நடனக்கூட இசையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். முழு ஆல்பமாகக் கேட்கும்போது சில இடங்களில் தடுமாற்றம் தெரியும். பொறுக்கி எடுத்த பாடல்களை அடுத்தடுத்து வைத்ததும் அந்தச் சிதறலே குழுவின் பலமாகிவிட்டது.

தேர்வு செய்த விதத்தில் மர்மம் எதுவும் இல்லை. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் 20 இடங்களுக்குள் வந்த பாடல்களே உள்ளே வந்தன. 1973இல் வந்த முதல் பாடலான ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ பட்டியலையே எட்டவில்லை என்பதால் விடுபட்டது. மேடையில் ரசிகர்கள் கொண்டாடிய ‘டை யுவர் மதர் டவுன்’ 31ஆம் இடத்தோடு நின்றதால் அதுவும் இல்லை. 17இல் மெர்குரி எழுதியவை 10, மே எழுதியவை 5, டீக்கன் எழுதியவை 2. டெய்லரின் பாடல் ஒன்றுகூட இடம்பெறவில்லை.

பாடல்கள் கால வரிசைப்படி அமையவில்லை. தொடக்கத்தில் ‘போஹீமியன் ராப்சடி’ வருகிறது. 1975இல் ஆறு நிமிடத்துக்குச் சற்றே குறைவான நீளத்தோடு வந்த இப்பாடலை வானொலிகள் ஒலிபரப்பாது என்று பலர் அஞ்சினார்கள். கேப்பிடல் ரேடியோவின் கென்னி எவரெட் ஒரே வார இறுதியில் 14 முறை ஒலிக்கவிட்டார்; பாடல் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. நடுவே பெருங்கூட்டம் பாடுவதுபோல ஒலிக்கும் ஆப்பரா பகுதி, மெர்குரி, மே, டெய்லர் ஆகிய மூன்றே பேரின் குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்து உருவானது. உச்ச சுரங்கள் டெய்லருடையவை.

அதை அடுத்து வரும் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ (1980) வேறொரு குழு பாடியதோ என்று எண்ண வைக்கும். அமெரிக்கக் கறுப்பின நடன இசையில், குறிப்பாக ஷிக் குழுவின் இசையில் தோய்ந்திருந்த டீக்கன் எழுதிய பாடல் அது. குழுவிலேயே அதிகம் பேசாதவரின் இந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

தொகுப்பை முடித்துவைப்பவை, 1977இல் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வந்த ‘வி வில் ராக் யூ’, ‘வி ஆர் த சாம்பியன்ஸ்’. கச்சேரிகளும் இவற்றோடுதான் முடியும். ‘வி வில் ராக் யூ’வில் டிரம்ஸ் கிடையாது. பலகைமேல் மிதித்தும் கைதட்டியும் எழுந்த ஒலியைப் பலமுறை பதிந்து, ஒவ்வொரு பதிவையும் சிறு கால இடைவெளியில் தள்ளி வைத்தார்கள். அந்த இடைவெளிகளுக்குப் பகா எண்களின் விகிதத்தைப் பயன்படுத்தியதாக மே விளக்கியிருக்கிறார். எதிரொலி போலத் தோன்றாமல் பெரிய கூட்டம் ஒன்று சேர்ந்து மிதிப்பதுபோலக் கேட்கக் காரணம் இதுதான். இயற்பியல் படிப்பு இவ்வளவு நேரடியாகப் பாட்டுக்குள் வந்த இடம் ராக் இசையில் அரிது.

அட்டைக்கான குழுப் படத்தை எடுத்தவர் ஸ்னோடன் பிரபு. ஆல்பத்தோடு ‘கிரேட்டஸ்ட் ஃபிலிக்ஸ்’ என்ற காணொளித் தொகுப்பும் ‘கிரேட்டஸ்ட் பிக்ஸ்’ என்ற படப் புத்தகமும் வெளிவந்தன. வீடியோ கேசட் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலத்தில் பாட்டையும் படத்தையும் ஒருசேரத் தொகுத்தது முன்யோசனையுள்ள செயல்.

பாடல் பட்டியல் எல்லா நாடுகளிலும் ஒன்றாக இருக்கவில்லை. அந்தந்த நாட்டில் ஓடிய பாட்டுக்கு ஏற்ப நிறுவனங்கள் மாற்றிக்கொண்டன. அமெரிக்காவில் எலெக்ட்ரா வெளியிட்ட பதிப்பில் 14 பாடல்களே இருந்தன. டேவிட் போவியுடன் சேர்ந்து பாடி 1981 அக்டோபரில் வந்த ‘அண்டர் பிரஷர்’ அதில் இடம்பெற்றது. பிரிட்டனில் முதலிடம் பிடித்த அந்தப் பாட்டு பிரிட்டிஷ் பதிப்பில் இல்லை. இன்று உலகெங்கும் தெரிந்த ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’ அன்று அமெரிக்காவில் எடுபடாததால் அங்கே சேர்க்கப்படவில்லை. 1992இல் ‘வேய்ன்ஸ் வோர்ல்ட்’ படத்தால் ‘போஹீமியன் ராப்சடி’ அமெரிக்காவில் மறுபடி எழுந்து இரண்டாம் இடம்வரை சென்றது; அதே ஆண்டில் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் அங்கே புதிய தொகுப்புகளைக் கொண்டுவந்தது.

இரண்டாவது தொகுப்பு 1991 அக்டோபர் 28 அன்று வெளியானது. ‘அண்டர் பிரஷர்’ அதில் இடம் கண்டது. ‘ரேடியோ கா கா’ போன்ற பாடல்கள் வழியாக டெய்லரும் உள்ளே வந்தார். தமக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதை நவம்பர் 23 அன்று மெர்குரி அறிவித்தார். மறுநாளே இறந்தார். துக்கத்தில் இருந்த ரசிகர்கள் புதிய தொகுப்போடு பழையதையும் தேடி வாங்கினார்கள்.

இந்த ஆல்பத்தின் வரலாற்றில் ஈரானுக்குத் தனி இடம் உண்டு. 1979 புரட்சிக்குப் பின் மேற்கத்திய ராக் இசைக்கு இடமில்லாதிருந்த அந்நாட்டில், 2004இல் குயீன் பாடல்களின் தொகுப்பு ஒன்று அதிகாரபூர்வ அனுமதியோடு விற்பனைக்கு வந்தது. காதல் பாடல்கள் சில நீக்கப்பட்டன. பாடல்களை விளக்கும் சிறு ஏடு கூடவே தரப்பட்டது. ‘போஹீமியன் ராப்சடி’யில் ‘பிஸ்மில்லா’ என்ற சொல் வருவதை வைத்து, தவறுதலாகக் கொலை செய்த இளைஞன் இறைவனை அழைத்துத் தன் ஆன்மாவை மீட்டுக்கொள்ளும் கதையாக அதை அந்த ஏடு விளக்கியது. பார்சிகளின் பூர்விகம் பாரசீகம் என்பதால் மெர்குரியை ஈரானியர் பலர் தம்மவராகவே கருதினார்கள். பிரிட்டனிலும் 2023இல் குழந்தைகளுக்கான யோட்டோ ஒலிப்பெட்டிக்குத் தயாரான பதிப்பில் ‘ஃபேட் பாட்டம்டு கேர்ள்ஸ்’ விடப்பட்டது. கேட்பவரை முன்வைத்துப் பட்டியலைத் திருத்தும் பழக்கம் 1981இல் தொடங்கி இன்றும் நிற்கவில்லை.

குயீனைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் 17 பாடல் கொண்ட பிரிட்டிஷ் பதிப்பையே தேடி எடுப்பது நல்லது. பாடல்களைக் கலைத்துப் போடாமல், அதே வரிசையில் கேளுங்கள்.