ஏலத்திற் போன பேரரசு

கடற்கரையில் மீன் ஏலங் கூறுவதைச் சிறு வயதில் வேடிக்கை பார்த்தவர் நம்மிற் பலர். ஆனால், ஒரு பேரரசே ஏலத்திற் போன கதையும் வரலாற்றில் உண்டு. அது நிகழ்ந்த இடம் உரோமாபுரி, நாள் கி. பி. 193ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் தேதி.

அன்று பேரரசன் பெர்ற்றினாக்ஸ் தன் மெய்காவற் படையினராலேயே கொல்லப்பட்டான். அவன் ஆண்டது 87 நாள்களே. வெறுமையாய்க் கிடந்த கருவூலத்தை நிரப்ப, முன்னாண்ட கொமோடஸின் ஆடம்பரப் பொருள்களை ஏலத்தில் விற்றவன் அவன். அவன் உடல் வீழ்ந்த பின் அவனுடைய அரியணையே ஏலத்திற்கு வந்தது!

அவனுடைய மாமனும் நகர அதிபதியுமான சுல்ப்பிசியானஸ் படைவீடுதியின் உள்ளே நின்று விலை கேட்டான். செல்வந்தனான டிடியஸ் யூலியானஸ் மதிலுக்கு வெளியே நின்று கேட்டான். வீரர்கள் இருவருக்குமிடையே ஓடியோடி, ஒருவன் கேட்ட விலையை மற்றவனுக்கு உரைத்து ஆசையை மூட்டினர். சுல்ப்பிசியானஸ் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் நாணயம் வரை ஏறினான். யூலியானஸோ ஒரே மூச்சில் 5,000 கூட்டி, உரத்துக் கூவி, விரல்களாலும் காட்டினான். 25,000க்கு ஏலம் முடிந்தது, வாயிற்கதவு திறந்தது. அக்காலத்தில் செனற் சபையிலிருந்த டியோ காசியஸ் இதனை எழுதி வைத்திருக்கிறான்.

இவ்விழிவு ஒரே நாளில் முளைத்ததன்று என்பதை நாம் கவனித்தல் வேண்டும். கி. பி. 41இல், தன்னை அரசனாக்கிய இப்படையினருக்குக் கிளோடியஸ் ஆளுக்கு 15,000 அளித்தான். தத்துவஞானியெனப் போற்றப்படும் மார்க்கஸ் ஒறேலியஸும் 161இல் 20,000 கொடுத்தான். நன்றிக்கு அளித்த கொடை வழக்கமாயிற்று, வழக்கம் உரிமையாயிற்று, உரிமை ஈற்றில் விலையாயிற்று. நல்லோர் தொடர்ந்த தீய வழக்கமே தீயோருக்குத் துணையாயிற்று.

வென்றவன் பெற்றது யாது? மக்கள் அவனை வீதியில் இகழ்ந்தனர். எல்லைப்புறப் படைகள் அவனை ஏற்கவில்லை. தானியூப் நதிக்கரையிலிருந்து செப்டிமியஸ் செவெரஸ் படையுடன் உரோமாபுரி நோக்கி வந்தான். விலை வாங்கிய வீரர்கள் வாங்கியவனைக் காக்கவில்லை. செனற் சபை மரண தண்டனை விதிக்க, 66 நாள் அரசனாயிருந்த யூலியானஸ் அரண்மனையிலே வெட்டுண்டான். செவெரஸ் அம்மெய்காவலரை ஆயுதமின்றி வரவழைத்து, சூழ்ந்துகொண்டு, பதவி நீக்கி நகரை விட்டே துரத்தினான்.

எனினும் நோய் தீரவில்லை. 211இல் உயிர் துறக்குமுன், படைவீரரைச் செல்வராக்கி மற்றையோரை மதியாதிருக்கும்படி அச்செவெரஸே தன் புதல்வருக்கு அறிவுரை கூறினானென்பர்.

மீனை விற்பவன் மீனுக்கு உரியவன். படைவீரரோ பேரரசுக்கு உரியவரல்லர். உரிமையில்லாதார் விற்ற பொருளைக் கூடிய விலை கொடுத்து வாங்கியதே யூலியானஸின் பேதைமை. மக்களின் நம்பிக்கை எந்த மதிலுக்குள்ளும் ஏலத்திற்கு வருவதன்று. சங்கத்துச் சிறு பதவியாயினும், நாட்டின் பெரும் பதவியாயினும், கூடக் கேட்டு வாங்கிய இடத்தில் நெடுநாள் இருத்தல் அரிது. இளைஞராகிய நாமும், நமக்கு வழிகாட்டும் பெரியோரும் இதனை நெஞ்சிற் பதித்தல் நன்று.