விழா மேடையில் திரை இருண்டால் எங்கே பார்ப்பது?

கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். பின்வரிசை உறவினர்களுக்காக வைத்த திரையில் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து. ஆலயக் கும்பாபிஷேகத்திலும் இதே கதைதான். கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரத்தில், கீழே நிற்கும் பக்தர்கள் நீலத் திரையைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். குருக்களிடமோ மாப்பிள்ளையிடமோ இன்னொரு முறை செய்யுங்கள் என்று கேட்க முடியாது.

தோட்டத்து ஆலயத் திருவிழா முதல் நகரத்து மண்டபக் கல்யாணம் வரை இன்று இரண்டு மூன்று கேமரா, ஒரு வீடியோ மிக்சர், கையடக்க மானிட்டர், கன்வெர்ட்டர் எல்லாம் வந்துவிட்டன. பல இடங்களில் இவற்றை இயக்குவது ஆலய இளைஞர் பிரிவினர் அல்லது உறவுக்காரப் பையன்கள். படம் வராவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புதியது வாங்கிவிடுகிறார்கள். புதியதிலும் படம் வருவதில்லை. பெரும்பாலும் கருவியில் கோளாறே இருக்காது. ஒன்று அனுப்பும் பட வடிவத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளாததுதான் சிக்கல்.

50ஆ, 60ஆ?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா மெனுவில் அதற்கு உரியது ‘பால்’ அமைப்பு. 25 அல்லது 50 படங்கள். அமெரிக்கா, ஜப்பான் சந்தைக்கான கேமராக்கள் ‘என்டிஎஸ்சி’ அமைப்பில், 30 அல்லது 60 கணக்கில் இருக்கும். ஒரு கேமரா 50இலும் இன்னொன்று 60இலும் ஓடினால், உள்ளே வரும் படத்தைத் தானே மாற்றிக்கொள்ளத் தெரியாத மிக்சர் ஒன்றைக் காட்டும், மற்றொன்றைக் கறுப்பாக விடும். மண்டப விளக்குகள் படத்தில் மினுக்குவதற்கும் பல நேரம் இதுவே காரணம். எல்லாக் கேமராவையும் 50க்கு மாற்றி, ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு விநாடியில் வைப்பது நல்லது. சில கேமராக்கள் இந்த மாற்றத்தின்போது மெமரி கார்டை அழிக்கச் சொல்லும். ஆகவே காலையில் எடுத்த முகூர்த்தக்கால் காட்சிகளைக் கார்டில் வைத்துக்கொண்டு மாலையில் இதைத் தொடக்கூடாது.

கன்வெர்ட்டர் நடுவில் வந்தால்

அதிகம் பேரைக் குழப்புவது இந்த இடம்தான். எச்டிஎம்ஐ வடத்தில் கேமராவும் மானிட்டரும் முதலில் பேசிக்கொள்ளும். தான் எதை ஏற்கும் என்ற பட்டியலை மானிட்டர் சொல்லும். இதற்கு இடிஐடி என்று பெயர். கேமரா அதற்கேற்ப அனுப்பும். தொலைவுக்குப் பயன்படும் எஸ்டிஐ வடத்தில் இந்தப் பேச்சே கிடையாது. அனுப்புவது வரும், பெறும் கருவிக்குப் புரிந்தால் படம், புரியாவிட்டால் இருட்டு.

இப்போது கேமராவுக்கும் பழைய எஸ்டிஐ மானிட்டருக்கும் நடுவில் ஒரு கன்வெர்ட்டரைப் போடுகிறோம். கேமரா கேட்பது கன்வெர்ட்டரின் பட்டியலை; கடைசியில் இருக்கும் மானிட்டரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கன்வெர்ட்டர் ‘1080-பி-50 வரை சரி’ என்று சொல்ல, கேமரா அதையே அனுப்பும். விநாடிக்கு 50 முழுப் படங்கள் என்பதால் அதற்கு 2.97 கிகாபிட் வேகமுள்ள 3ஜி-எஸ்டிஐ வேண்டும். பழைய மானிட்டரோ 1.485 கிகாபிட் எச்டி-எஸ்டிஐ மட்டும் அறிந்தது. மூன்று கருவியும் நல்ல நிலையில் இருந்தும் திரை இருட்டுதான்.

இதைத் தீர்க்கக் காசு செலவில்லை. கேமரா மெனுவில் எச்டிஎம்ஐ வெளியீட்டைத் ‘தானியங்கி’யில் விடாமல் 1080-ஐ-50 என்று கையால் அமைத்தால் போதும். இதில் படம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் எனப் பாதிப் பாதியாகச் செல்வதால் பழைய வேகத்துக்குள் அடங்கிவிடும். வேகமான நடனத்தில் சற்று நேர்த்தி குறையலாம். இருண்ட திரைக்கு அது எவ்வளவோ மேல். மானிட்டர் 3ஜி வகையாக இருந்தும் படம் வராவிட்டால், கன்வெர்ட்டரில் ‘லெவல் ஏ’, ‘லெவல் பி’ என்ற தேர்வைத் தேடிப் பார்க்க வேண்டும். 1080-பி-50ஐ அனுப்பும் இரு முறைகள் இவை. ஒன்றை மட்டுமே ஏற்கும் கருவிகள் உண்டு.

மறக்கக்கூடாத சில்லறைகள்

கன்வெர்ட்டர்களில் பல ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து எஸ்டிஐக்கு மாற்றுவது, திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளைகள் எல்லாமே படம் அனுப்புவதில்லை, கைப்பேசி சார்ஜ் வடமும் படத்தைக் கடத்தாது. சந்தா செயலியில் ஓடும் படங்களுக்கு எச்டிசிபி என்ற பூட்டு உண்டு. எஸ்டிஐ கன்வெர்ட்டர் அதைக் கடத்தாது. சொந்தப் புகைப்படத் தொகுப்பு வந்து, சினிமாப் பாட்டு மட்டும் கறுப்பாகிறதென்றால் காரணம் அதுதான்.

வடத்திலும் ஏமாறலாம். எஸ்டிஐக்கு 75 ஓம் வடம் வேண்டும். வானொலிக் கருவிகளுக்கான 50 ஓம் வடம் பார்வைக்கு அப்படியே இருக்கும். வீட்டுச் சிசிடிவிக்கு வாங்கிய மலிவு வடம் கிட்டத்தில் வேலை செய்து, கோபுரத்திலிருந்து பந்தலுக்கு இழுத்தால் விட்டு விட்டு வரும்.

உண்மையிலேயே கருவி எரியும் இடமும் ஒன்று உண்டு. கேமரா மின்கலத்திலிருந்தே மானிட்டருக்கும் மின்சாரம் எடுக்கும்போது, முதலில் மின் வடத்தை மாட்டி, பிறகே எஸ்டிஐயை மாட்ட வேண்டும். கழற்றும்போது எஸ்டிஐதான் முதலில். மாற்றிச் செய்தால் கேமராவின் எஸ்டிஐ முனையே போய்விடலாம்.

விழா நடுவில் திரை இருண்டால், எல்லா வடத்தையும் ஒரே நேரத்தில் பிடுங்குவதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் கன்வெர்ட்டரின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் அது அணைந்திருக்கக் கூடும். எரிந்தால், சிறிய மானிட்டர் ஒன்றைக் கேமராவிலேயே நேராக மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே படம் இருந்தால் கன்வெர்ட்டருக்குப் பின், அதன் பிறகு நீண்ட வடத்துக்குப் பின் என ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தால், படம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள இணைப்பில் திரை, கன்வெர்ட்டர், கேமரா என்ற வரிசையில் அணைத்துப் போட்டால் பட்டியல் மறுபடி படிக்கப்பட்டு, படம் வந்துவிடுவதும் உண்டு.

இந்தச் சோதனையை முதல் நாள் இரவே, அதே வடம், அதே மின்கலம், அதே திரையோடு செய்துவிட்டால், மெனுவில் எதை எங்கே வைத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கேமராப் பையிலேயே போட்டுவைக்கலாம். மறுநாள் இயக்கப் போவது வேறொரு தம்பியாகவும் இருக்கலாம்.