பாடமாக மாறிய பத்திக்: இந்தோனேசிய நகரத்தை யுனெஸ்கோ பாராட்டியது ஏன்?

பத்திக் சேலை நம்ம ஊர் ஜவுளிக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அந்தக் கலைக்குப் பேர்போன நாடு இந்தோனேசியா. அங்கே ஜாவா தீவின் வடக்குக் கடற்கரையில் உள்ள பெக்கலோங்கன் நகரில், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கே பத்திக் ஒரு பாடம்.

ஏன் பள்ளிக்கு வந்தது?

உருக்கிய மெழுகால் துணியில் கோலம் வரைந்து, பிறகு சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால் வடிவம் தெரியும். முழுக்கக் கையால் வரைந்தால் ஒரு துணிக்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதே வடிவத்தை இயந்திரத்தில் அச்சடித்தால் விலை ரொம்பக் குறைவு. இதற்கிடையே இளைய தலைமுறைக்கு ஆர்வம் குறைவதைக் கண்டு பத்திக் கலைஞர்கள் கவலைப்பட்டார்கள்.

என்ன செய்தார்கள்?

இந்தோனேசியாவின் 2003-ம் ஆண்டு கல்விச் சட்டம், அந்தந்த ஊரின் கலை, மொழி, தொழிலை 'உள்ளூர்ப் பாடம்' என்ற பெயரில் சேர்க்க இடம் தருகிறது. இதைப் பயன்படுத்தி, பெக்கலோங்கன் பத்திக் அருங்காட்சியகமும் நகரக் கல்வித் துறையும் 2005-ல் திட்டத்தைத் தொடங்கின. கைவேலை மட்டுமல்ல, பத்திக்கின் வரலாறும் வடிவங்களின் பொருளும் சேர்த்தே கற்றுத்தரப்படுகிறது. தொடக்கப்பள்ளி முதல் பாலிடெக்னிக் வரை இது நீண்டது, பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவியது.

யுனெஸ்கோ என்ன சொன்னது?

2009-ல் பத்திக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. அதே ஆண்டு, பெக்கலோங்கன் பள்ளித் திட்டத்தையும் மரபைப் பாதுகாக்கும் சிறந்த முன்மாதிரியாகத் தேர்ந்தெடுத்தது.

எல்லாக் குழந்தையும் கைவினைஞர் ஆகணுமா?

தேவையில்லை. ஆனா மெழுகுக் கோலத்துக்கும் அச்சுத் துணிக்கும் வித்தியாசம் தெரிந்த குழந்தை, நாளைக்கு விலை தெரிந்து வாங்கும் வாடிக்கையாளர் ஆகலாம். வாங்க ஆள் இருந்தால்தானே தொழில் நிற்கும்?

சிக்கல் எங்கே?

கலை தெரிந்தவருக்குப் பாடம் நடத்தத் தெரியணும், ஆசிரியருக்குக் கலை தெரியணும். பெக்கலோங்கனில் அருங்காட்சியகம் நடுவில் நின்று இரு தரப்பையும் இணைத்தது. அப்படி ஒரு பாலம் இல்லாத ஊரில், உள்ளூர்ப் பாடம் ஆண்டுவிழா மேடையோடு முடிந்துபோகும் ஆபத்து உண்டு.