முனையங்களுக்கிடையே உள்ளீடு வெளியீட்டுத் திசைமாற்றம்

ஒரு நிரல் எங்கிருந்து எழுத்துகளைப் பெறுகிறது, எங்கே அச்சிடுகிறது என்பதை, அந்த நிரலில் கைவைக்காமல் வெளியிலிருந்தே மாற்றுவது திசைமாற்றம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதுதான் இதில் கடினம்.

1960களின் மல்டிக்ஸ் அமைப்பில் இவ்வசதி இருந்தது. ஆனால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்ப ஒரு கட்டளை, திரும்ப முனையத்துக்குக் கொண்டுவர இன்னொரு கட்டளை என்று தனித்தனியே கொடுக்க வேண்டும். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸில் இது ஒரே கோணக்குறியில் முடிந்தது. சாதனங்களையும் கோப்புகளாகவே நடத்தும் வடிவமைப்பு அதற்குத் துணைநின்றது. அன்றைய முனையம் டெலிடைப் எந்திரம். பரவலாக இருந்த மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். அதற்கும் ஒரு கோப்புப் பெயர் இருந்ததால், அடுத்தவர் எந்திரத்தில் எழுத அக்கோப்பைத் திறந்தால் போதும். 1971இன் முதல் கையேட்டிலேயே இதற்கான ‘ரைட்’ கட்டளையும், பிறர் எழுதாமல் தடுக்கும் ‘மெஸ்ஜ்’ கட்டளையும் உள்ளன. அதே ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1964 முதல் வலியுறுத்திவந்த, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்கும் ‘பைப்’ 1973இல் சேர்ந்தது.

இருந்தும், கோப்பைவிட முனையத்துக்கு வேலை அதிகம். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிரலை நிறுத்துவதும், தவறாக அடித்த எழுத்தை அழிப்பதும், கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் மறைப்பதும் அதன் பொறுப்பு. எதிரே முனையம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் நிரல்கள் பல. அவற்றுக்குப் பைப் உதவாது. இதற்குப் பிறந்த தீர்வு போலி முனையம். அதன் ஒரு முனை நிரலுக்கு அசல் முனையமாகவே தெரியும். மறுமுனையை வேறொரு நிரல் இயக்கும். 1983இல் வந்த பிஎஸ்டி 4.2 என்ற பதிப்பு இதை யூனிக்ஸ் உலகில் பரப்பியது. திரையில் முனையமாக விளங்கும் எக்ஸ்டெர்ம் சாளரமும், தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் 1995இன் எஸ்எஸ்ஹெச்சும் இதன்மேல் நிற்பவையே.

கணினியை அடையும் தொலைபேசி இணைப்பு அறுந்தால் அதில் ஓடிய நிரலும் சாகும் என்பது அன்றைய பயனர்களின் பெரிய துன்பம். 1987இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லாமன், கார்ஸ்டன் போர்மன் எழுதிய ‘ஸ்கிரீன்’ இதைத் தீர்த்தது. நிரல் போலி முனையத்திலேயே தங்கிவிடும்; பார்ப்பவர் விலகலாம், மறுநாள் வேறிடத்திலிருந்து வந்து சேரலாம். 2007இல் வந்த ‘டீமக்ஸ்’ அதே வழியைப் பின்பற்றியது.

ஆனால் நிரலை ஸ்கிரீனுக்குள் தொடங்கியிருந்தால்தான் இது நடக்கும். வெளியே தொடங்கியதை இடம்பெயர்க்க 2011இல் நெல்சன் எல்ஹேஜ் ‘ரெப்டையர்’ எழுதினார். பிழைத்திருத்திகள் பயன்படுத்தும் பிட்ரேஸ் வழியாக நிரலுக்குள் நுழைந்து, உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றைக் குறிக்கும் 0, 1, 2 எண்களைப் புதிய முனையத்துக்கு மாற்றலாம். அதோடு நின்றால் நிரல் இன்னும் பழைய முனையத்தின் கன்ட்ரோல்-சிக்கே கட்டுப்படும். அதை மாற்ற நிரல், ஒரு முனையத்தோடு பிணைந்த நிரல்களின் தொகுதியான அமர்வைப் புதிதாகத் தொடங்க வேண்டும்; நிரல்களின் குழு ஒன்றுக்குத் தலைவனாக இருக்கும் நிரலுக்கோ இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த அனுமதியைத் தராது. அதனால் ரெப்டையர் அந்நிரலை ஒரு துணை நிரல் பெற வைக்கிறது. துணை நிரலுக்குத் தனிக்குழு அமைத்து, அசல் நிரலை அக்குழுவில் சேர்க்கிறது. தலைமை போனதும் புதிய அமர்வுக்குத் தடையில்லை. இத்துறையில் இவ்வளவு நேர்த்தியான தீர்வு அரிது.

வேறொரு நிரலுக்குள் நுழையும் இவ்வழி கடவுச்சொல் திருடர்களுக்கும் பயன்படும். ஆகவே லினக்ஸ் வகையான உபுண்டுவின் 10.10 பதிப்பு முதல், ஒரு நிரல் தன் வழிவந்த நிரல்களுக்குள் மட்டுமே நுழையலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. அங்கே ரெப்டையரை இயக்க நிர்வாகி அனுமதி வேண்டும், அல்லது அக்கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும்.