பழைய கணினியும் வானலைப் பூட்டும்

வீட்டில் புதிய ரவுட்டர் ஒன்றைப் பொருத்துகிறோம். மற்றக் கருவிகளுக்கெல்லாம் வைஃபை இணைப்புக் கிடைக்கிறது. பழைய கணினிக்கு மட்டும் கிடைப்பதில்லை. உடனே, "அடாப்டர் கெட்டுவிட்டது" என்று முடிவு செய்துவிடுகிறோம். அம்முடிவு சரிதானா என்பதை அறிய, கம்பியில்லா இணைப்பின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் 'அலோஹாநெட்' என்னும் வலையமைப்பை இயக்கத் தொடங்கினர். கடல் பிரித்த தீவுகளைக் கம்பியின்றி வானொலி அலைகளால் கணினியுடன் இணைப்பதே அவர்களின் நோக்கம். இரண்டு செய்திகள் வானில் மோதிக்கொண்டால், அனுப்பிய கருவிகள் வெவ்வேறு நேரம் பொறுத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்று விதி வகுத்தனர். இரு முனைகளும் ஒரே விதியைக் கைக்கொண்டால்தான் வானலையில் உரையாடல் நடைபெறும். இன்றைய வைஃபைக்கும் இதுவே அடிப்படை.

1985இல் அமெரிக்க அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. 1997இல் 802.11 என்னும் பொது விதி பிறந்தது. அத்துடன் 'வெப்' என்னும் பூட்டும் வந்தது. செய்தியைப் பிறர் படிக்காதபடி மறைப்பது அதன் வேலை. ஆனால், 2001இல் ஆய்வாளர்கள் அப்பூட்டை எளிதில் உடைக்கலாம் என்று காட்டினர். ஆகவே 2003இல் 'டபிள்யூ.பி.ஏ.' வந்தது. பழைய அடாப்டர்கள் பலவும் மென்பொருளை மாற்றினாலே ஏற்கும்படி அது அமைக்கப்பட்டது. 2004இல் வந்த இரண்டாம் பதிப்பு அப்படியன்று. பல பழைய கருவிகளுக்கு அதற்கான ஆற்றல் இல்லை. மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது.

இவ்வரலாறு பழுது பார்க்கவும் உதவும். கணினியில் எந்த வைஃபைப் பெயருமே தோன்றவில்லையா? பக்கவாட்டில் உள்ள வைஃபை சுவிட்சையும் டிரைவர் மென்பொருளையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் அடாப்டர் மீது ஐயம் கொள்ளலாம். அண்டை வீட்டுப் பெயர் தெரிந்து, நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லையா? ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கக்கூடும்; 2.4 கிகாஹெர்ட்ஸையும் இயக்கிப் பாருங்கள். பெயர் தெரிந்து, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் இணையவில்லையா? பெரும்பாலும் பூட்டுதான் பொருந்தவில்லை. முதலில் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கணினிக்காக ரவுட்டரின் பூட்டை 'வெப்' நிலைக்கு இறக்கிவிடாதீர்கள். ஒரு கணினிக்காக வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் கதவையும் திறந்து வைப்பதாகும் அது. அக்கணினிக்கு ஏற்ற சிறிய யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை வாங்கலாம். அல்லது கேபிளைக் கொண்டு ரவுட்டருடன் நேரே இணைக்கலாம்.

ஆகவே நேயர்களே, அடாப்டரைத் தூக்கி எறியுமுன் அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பாருங்கள். அது கெடாமலே இருக்கலாம். அது கற்ற விதிகள்தாம் பழையனவாகியிருக்கும்.