செப்புக் கம்பியும் கண்ணாடி இழையும்

அவுஸ்திரேலியா பரப்பிலே ஒரு கண்டம்; சனத்தொகையிலே ஒரு சிறு நாடு. அதன் மக்களிற் பெரும்பாலார் கடற்கரையோரப் பட்டினங்கள் சிலவற்றிலே நெருங்கி வாழ்கின்றனர். உள்நாட்டிலோ ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே பல மைல் தூரம் வெறும் நிலம் கிடக்கும். ஆகவே, செய்தி செல்லும் வழியை யார் அமைப்பது, யார் செலவில் அமைப்பது என்னும் வினா அந்நாட்டில் வெறும் வியாபார வினாவாக இருந்ததில்லை. 2007 ஆம் ஆண்டு தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்குள்ள அரசியல்வாதிகளைப் பிரித்து வைத்த தேசிய இணைய வலைப்பின்னற் பிணக்கை விளங்கிக்கொள்ள விரும்புவோர், முதலில் தந்திக் காலத்துக்குச் சென்று மீளுதல் வேண்டும்.

1870 ஆம் ஆண்டிலே தென் அவுஸ்திரேலியக் குடியேற்ற நாட்டின் சனத்தொகை இரண்டு லட்சத்தையும் எட்டவில்லை. அச்சிறிய சமூகம், தெற்கே அடிலெயிட் நகரிலிருந்து வடகரையிலுள்ள டார்வின் வரை, பாலை நிலத்தை ஊடறுத்து ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர் நீளமான தந்திக் கம்பியை அரசாங்கச் செலவிலேயே இழுக்கத் துணிந்தது. சார்ள்ஸ் டொட் என்பாரின் மேற்பார்வையில், ஏறத்தாழ 36,000 கம்பங்கள் நாட்டப்பட்டு, 1872 ஆகஸ்ட் மாதத்தில் வேலை முற்றுப்பெற்றது. மதிப்பிட்ட செலவு 1,20,000 பவுண். முடிந்த செலவோ அதனைப்போல் நான்கு மடங்கை நெருங்கிற்று. ஆயினும், முன்னர்க் கப்பலிலே வாரக்கணக்காகக் கிடந்த செய்தி, டார்வினிலிருந்து கடலடிக் கம்பி வழியே யாவா, சிங்கப்பூர், பினாங்கு, சென்னை எனத் தாவித் தாவிச் சில மணி நேரத்தில் இலண்டனை அடையும் நிலை உண்டாயிற்று.

1901 இல் ஆறு குடியேற்ற நாடுகளும் ஒன்றாகியபோது, தபால், தந்தி, தொலைபேசி முதலியவற்றின் அதிகாரம் அரசியலமைப்பின் 51 ஆம் பிரிவால் மத்திய பாராளுமன்றத்துக்கு வழங்கப்பட்டது. 1911 இல் நாடெங்கும் ஒரு பென்னித் தபாற் கட்டணம் வந்தது. சிட்னி நகரத்துத் தெருவொன்றுக்குப் போகும் கடிதமும் பாலை நிலத்துப் பண்ணைக்குப் போகும் கடிதமும் ஒரே முத்திரையுடன் சென்றன. நகரத்தான் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து நாட்டுப்புறத்தானுடைய தூரத்தைச் சுமந்தான் என்பதே இதன் பொருள். அன்று இதனை எவரும் பெரிதாகக் கணக்குப் பார்த்தாரல்லர்.

கணக்குப் பார்க்கும் காலம் பின்னர் வந்தது. தபால் இலாகாவிலிருந்து 1975 இல் தொலைபேசிச் சேவை பிரிக்கப்பட்டு, பிற்காலத்தில் டெல்ஸ்ட்ரா என்னும் பெயர் பெற்றது. அதனை 1997, 1999, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று தவணையாக ஜோன் ஹவார்டின் அரசாங்கம் பங்குச் சந்தையிலே விற்றது. நாட்டுப்புறத் தொகுதிகளின் அங்கத்தவர்கள் தயங்கித் தயங்கியே இதற்கு இணங்கினர். விற்பனையிலே பெரும் பிழை ஒன்று நேர்ந்தது. கடையை விற்றபோது கடைக்குச் செல்லும் தெருவையும் சேர்த்து அரசாங்கம் விற்றுவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்ட செப்புக் கம்பி டெல்ஸ்ட்ராவின் சொத்து. போட்டிக் கம்பனிகளோ அதே டெல்ஸ்ட்ராவிடம் அக்கம்பியை வாடகைக்கு எடுத்தே வியாபாரம் செய்ய வேண்டியிருந்தது. போட்டியாற் பயன் விளையும் என்று நம்பியோர், தொண்ணூறுகளின் நடுவில் நடந்ததை எண்ணிப் பார்த்திருக்கலாம். அப்பொழுது டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸ் கம்பனியும் பெருநகரங்களின் அதே தெருக்களிலே பக்கத்துக்குப் பக்கமாகத் தொலைக்காட்சிக் கம்பிகளை இழுத்தன. ஒரு தெருவுக்கு இரண்டு கம்பி. பல ஊர்களுக்கு ஒன்றுமில்லை.

2007 நவம்பரில் தொழிற்கட்சி வென்று கெவின் ரட் பிரதம மந்திரியானார். 470 கோடி டொலர் வரை அரசாங்கம் கொடுத்துத் தனியாரைக் கொண்டு விரைவான இணைய வழி அமைப்பதே அவருடைய முதல் எண்ணம். டெல்ஸ்ட்ரா சமர்ப்பித்த கேள்விமனு விதிகளுக்கு அமையவில்லையென 2008 டிசம்பரில் தள்ளப்பட்டது, ஏனையோரும் திருப்தியளிக்கவில்லை. 2009 ஏப்ரல் 7 ஆம் நாள், ரட்டும் தொடர்பு மந்திரி ஸ்டீபன் கொன்ரோயும் நாட்டைத் திகைக்கச் செய்யும் அறிவித்தல் ஒன்றை விடுத்தனர். அரசாங்கமே ஒரு கம்பனியை நிறுவி, எட்டு ஆண்டுகளில், 4,300 கோடி டொலர் மதிப்பில், நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளுக்குக் கண்ணாடி இழை கொண்டு செல்லும் என்பதே அது. பின்னர் அவ்விகிதம் 93 ஆயிற்று. எஞ்சியோருக்கு வானொலி அலையும் செய்மதியும். இத்துணைப் பெருந் திட்டத்துக்கு முழுமையான இலாப நட்டக் கணக்கு முன்கூட்டிச் செய்யப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே.

2010 ஆகஸ்ட் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ரொனி அபொட் இத்திட்டத்தையே நீக்கி, 630 கோடி டொலரிற் சிறிய திட்டமொன்றை நடத்துவதாகக் கூறினார். அதனை விளக்குமாறு தொலைக்காட்சியிற் கேட்கப்பட்டபோது, தாம் இத்துறை விற்பன்னர் அல்லர் என்று சொல்லி இடர்ப்பட்டார். தேர்தல் முடிவில் 150 ஸ்தானங்கள் கொண்ட சபையிலே இரு பக்கத்தாரும் தலா 72 ஸ்தானங்களே பெற்றனர். தீர்ப்பு நாட்டுப்புறச் சுயேச்சை அங்கத்தவர்களின் கைக்கு வந்தது. செப்டம்பர் 7 ஆம் நாள் ரொனி வின்சர், ரொப் ஓக்‌ஷொட் ஆகிய இருவரும் ஜூலியா கிலார்ட் அம்மையாரை ஆதரித்தனர். இருவரும் பழமைப் போக்குள்ள தொகுதிகளின் பிரதிநிதிகள். தொழிற்கட்சிக்கு உறவினர் அல்லர். செய்வதை ஒருமுறையே செய்க, திருந்தச் செய்க, இழையாற் செய்க என்பது வின்சரின் நிலை. நாட்டுப்புறத்துக்கு முன்னுரிமை, நகரத்துக்கும் பண்ணைக்கும் ஒரே மொத்த விலை ஆகியன அவர்கள் பெற்ற வாக்குறுதிகள். 1911 இன் பென்னி முத்திரை வேறுருவிலே மீண்டும் வந்தது எனலாம். ஓர் அரசாங்கம் அமைவதை இணையக் கம்பி தீர்மானித்த இந்நிகழ்ச்சி சரித்திரத்தில் அபூர்வமானது.

ஆயினும் வேலை நத்தை வேகத்திலே நகர்ந்தது. பழைய குழாய்களைப் பயன்படுத்துவதற்கு டெல்ஸ்ட்ராவுடன் ஏறத்தாழ 1,100 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் 2011 இலேதான் கைச்சாத்தாயிற்று. 2013 இல் அக்குழிகளிலே அஸ்பெஸ்டோஸ் காணப்பட்டு வேலை தடைப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் இழை பத்து லட்சம் வீடுகளைத் தாண்டியிருக்கும் என்று 2010 ஆம் ஆண்டுத் திட்டம் கணித்திருந்தது. சென்றடைந்ததோ இரண்டு லட்சத்தையொட்டியே.

எதிர்க்கட்சியின் சார்பில் இவ்விடயத்தைக் கவனித்தவர் மல்கம் டேர்ன்புல். திட்டத்தைத் தகர்க்குமாறு அபொட் அவரைப் பணித்திருந்தார். டேர்ன்புல் தகர்க்கவில்லை, கம்பியை மாற்றினார். இழை தெருமுனையிலுள்ள பெட்டி வரை வரும். அங்கிருந்து வீடு வரை பழைய செப்புக் கம்பியே போதும் என்றது 2013 ஏப்ரலில் வெளிவந்த அவருடைய திட்டம். செலவு 2,950 கோடி டொலர். 2016 முடிவுக்குள் யாவருக்கும் விநாடிக்கு 25 மெகாபிட் வேகம். செப்புக் கம்பியிலே தூரம் கூடக் கூட வேகம் குன்றும். பெட்டிக்கு அருகே இருப்பவன் பாக்கியவான், தள்ளி இருப்பவன் பொறுத்துக்கொள்ள வேண்டியவன். ஆனால் வெளியார் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. அரசாங்கமே வலைப்பின்னலுக்கு உடைமையாளர் என்னும் அடிப்படையை எதிர்க்கட்சியும் அத்திட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது. அதன்பின் மேடைகளில் எழுந்த ஆரவாரமெல்லாம் கம்பியின் தன்மையைப் பற்றியதே.

2013 செப்டம்பரில் ஆட்சி மாறியது. மூன்று மாதத்துள் வெளியான மீளாய்வு, 2,950 கோடி 4,100 கோடியாகும் என்றது. 2016 என்ற எல்லையும் கைவிடப்பட்டது. முந்தியோரின் முழு இழைத் திட்டத்துக்கு 7,300 கோடி வேண்டுமென்றும் அதே மீளாய்வு கூறிற்று. அத்தொகையைத் தொழிற்கட்சியினர் இறுதிவரை ஒப்பவில்லை. 2014 டிசம்பரில் டெல்ஸ்ட்ராவுடனான ஒப்பந்தம் திருத்தப்பட்டு, ஒருகால் விற்ற செப்புக் கம்பி அரசாங்கக் கம்பனிக்கே திரும்பி வந்தது. ஒப்டஸ் கம்பனியின் கம்பிகளுக்கு 80 கோடி டொலர் ஒப்பந்தமாயிற்று. அவை பெரும்பாலும் பயன்படா என்று 2016 இலே ஒதுக்கப்பட்டன. அவ்வாண்டுத் தேர்தற் பிரசாரத்தின் நடுவே, கம்பனியின் இரகசியப் பத்திரங்கள் வெளியானமை பற்றிப் பொலிசார் கொன்ரோயின் அலுவலகத்தைச் சோதனையிடும் அளவுக்குப் பகை முற்றியது. அவ்வேளை டேர்ன்புல் பிரதம மந்திரியாக இருந்தார்.

2020 செப்டம்பரிலே, அதே கட்சியின் மந்திரி போல் பிளெச்சர் 450 கோடி டொலர்ச் செலவில் மேம்பாட்டுத் திட்டமொன்றை அறிவித்தார். செப்புக் கம்பியிலுள்ள சுமார் இருபது லட்சம் வீடுகள் விரும்பினால் இழை பெறலாம் என்பது அதன் பிரதான அங்கம். டிசம்பரில், ஏறத்தாழ 5,100 கோடி டொலர்ச் செலவில் வலைப்பின்னல் அமைந்து முடிந்ததெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2022 இல் மீண்ட தொழிற்கட்சி மேலும் 240 கோடி டொலரை ஒதுக்கிற்று. முதலிற் போட்டிருக்க வேண்டிய இழையைப் போடாது, பின்னர் அதே தெருக்களை மீண்டும் தோண்டியதே இப்பிணக்கின் உண்மையான நட்டம். பாதி வழியில் கம்பியை மாற்றியதால் வந்த செலவை எந்தக் கட்சியும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

2024 அக்டோபரில் வலைப்பின்னலை அரசுடைமையாகவே வைத்திருக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில், பெட்டி வரையிலான இழையுடன் எஞ்சியிருந்த 6,22,000 வரையான வீடுகளுக்கும் 2030 க்குள் வழி செய்வதாக 300 கோடி டொலர் வாக்களிக்கப்பட்டது. பண்ணை வீடுகளின் கதை வேறு. அவர்களுக்காக 2015 இலும் 2016 இலும் ஏவப்பட்ட அரசாங்கச் செய்மதிகள் இரண்டும் மிக உயரத்தில் நிற்பதால், செய்தி போய்வரத் தாமதமாகும். அவர்களுட் பலர் அமெரிக்கத் தனியார் செய்மதிச் சேவைக்குத் தாமாகவே மாறினர். 2025 ஆகஸ்டில் அரசாங்கக் கம்பனியும், தன் பழைய செய்மதிகளுக்குப் பதிலாக அமேசன் கம்பனியின் தாழ்ந்து சுற்றும் செய்மதிகளை வாடகைக்கு எடுக்க உடன்பட்டது.